கண்டி முதல் பொலன்னறுவை வரை: இலங்கையின் நடுநிலத்தைச் சுற்றிப் பார்க்கும் முறை

இலங்கை வரைபடத்தை விரித்து அதன் நடுவில் விரலை வைத்தால் அது மாத்தளை மாவட்டத்தில் எங்கோ விழும். அந்த இடத்துக்குத் தெற்கே ஈரமான மலைகளும் கண்டி நகரமும் இருக்கின்றன. வடக்கே போகப் போக மலை தாழ்ந்து, காடும் குளமும் வயலும் நிறைந்த வறண்ட சமவெளி விரிகிறது. தம்புள்ளை, சிகிரியா, பொலன்னறுவை ஆகிய பழைய ஊர்கள் அந்தச் சமவெளியில்தான் உள்ளன. பெரும்பாலான சுற்றுலாத் திட்டங்கள் இப்பகுதிக்கு இரண்டு அல்லது மூன்று நாள்களையே ஒதுக்குகின்றன. அப்படிப் போகிறவர்கள் வேனின் சன்னல் வழியாகத்தான் இதைப் பார்க்கிறார்கள். இயன்றால் ஆறு இரவுகளை ஒதுக்குங்கள். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவருக்கு இங்கே மற்றப் பயணிகளுக்குக் கிடைக்காத ஒன்று கிடைக்கிறது: கல்லில் எழுதியிருப்பதில் ஒரு பகுதி நம் மொழியில் இருக்கிறது. அதற்கு நேரம் கொடுக்கும்படியாகவே இந்த வழிகாட்டியை அமைத்திருக்கிறேன்.

எப்போது போவது

இப்பகுதியின் இரு பாதிகளுக்கும் மழைக்காலம் ஒன்றல்ல என்பதை முதலில் கவனிக்க வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மலைப்பகுதியை நனைக்கிறது. அதே மாதங்களில் பொலன்னறுவைப் பக்கம் காய்ந்து கிடக்கும். வடகீழ்ப் பருவக்காற்று வந்ததும் இந்த நிலை மாறி, நவம்பரிலும் டிசம்பரிலும் சமவெளியில் நல்ல மழை பெய்கிறது. இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க விரும்புவோருக்குப் பிப்ரவரியும் மார்ச்சும் மிகப் பொருத்தமானவை. ஏப்ரல் நடுவில் வரும் தமிழ், சிங்களப் புத்தாண்டு நாள்களில் கடைகள் மூடியிருக்கும், பேருந்துகள் நிரம்பி வழியும். அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது. யானைக் கூட்டங்களையும் தலதா மாளிகையின் ஊர்வலத் திருவிழாவான கண்டிப் பெரஹெராவையும் பார்க்க வேண்டுமென்றால் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில்தான் வர வேண்டும். பெரஹெராவின் நாள்கள் ஒவ்வோர் ஆண்டும் மாறுபவை. தேதியை உறுதி செய்துகொண்டு அறையைப் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யாவிட்டால், நியாயமான விலையில் கண்டிக்குள் இடம் கிடைக்காது.

ஒவ்வொரு பௌர்ணமியும் இலங்கையில் ‘போயா’ விடுமுறை நாள். அன்று விகாரைகளுக்கு வெள்ளை உடையில் குடும்பம் குடும்பமாக மக்கள் வருவார்கள். மது விற்பனை இராது. வழிபாட்டின் அழகைப் பார்க்க அது ஏற்ற நாள், சிற்பங்களை அமைதியாகப் பார்க்க ஏற்ற நாளன்று. உங்களுக்கு எது வேண்டுமென்று முடிவு செய்துகொண்டு நாளைத் தேர்ந்தெடுங்கள்.

எங்கே தங்குவது, எப்படிப் போவது

ஒவ்வோர் இரவும் ஒரு புதிய விடுதி என்று அலைய வேண்டாம். கண்டியில் மூன்று இரவு, சிகிரியா அல்லது ஹபரணையில் மூன்று இரவு என இரண்டே இடங்களில் தங்கினால் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். சிகிரியாவைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் வீட்டோடு சேர்ந்த சிறு விடுதிகள் பல உள்ளன. அங்கே காலையில் வீட்டுக்காரர் சுடச்சுட இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும் பரிமாறுவார். மாலையில் குளக்கரை வரை நடந்துவிட்டு வரலாம்.

கொழும்பிலிருந்து கண்டி ஏறத்தாழ 115 கிலோமீட்டர். கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து புறப்படும் புகையிரதத்திலேயே போங்கள். 1867இல் கண்டி வரை திறக்கப்பட்ட இந்தப் பாதை, றம்புக்கனையைத் தாண்டியதும் கடுகண்ணாவை நோக்கி மலையைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. பள்ளத்தாக்கும் படிப்படியான வயல்களும் குகைவழிகளும் மாறி மாறி வரும் அந்த ஏற்றத்தைப் பார்ப்பதற்காகவே பகல் வண்டியில் ஏற வேண்டும். முன்பதிவு இருக்கைகள் விரைவில் தீர்ந்துவிடும். கனமழைக் காலத்தில் மண்சரிவால் மலைப்பாதை மூடப்படுவதும் உண்டு. புறப்படுவதற்கு முந்தைய நாள் வண்டி ஓடுகிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

கண்டியிலிருந்து வடக்கே போக ஏ9 நெடுஞ்சாலைதான் வழி. மாத்தளை 25 கிலோமீட்டர், தம்புள்ளை 70க்குச் சற்றே அதிகம். பேருந்துகள் அடிக்கடி ஓடுகின்றன, கட்டணமும் குறைவு. ஆனால், வழியில் இறங்கிப் பார்க்க வேண்டிய இடங்கள் இந்தச் சாலையில் வரிசையாக இருப்பதால், இந்த ஒரு நாளைக்கு மட்டும் ஓட்டுநருடன் வாடகைக் கார் அமர்த்துவது வீண்செலவாகாது. குறுந்தொலைவுகளுக்கு முச்சக்கரவண்டி போதும். மீட்டர் இல்லாத வண்டியானால் ஏறும் முன்பே தொகையைப் பேசிவிடுங்கள்.

கண்டி: ஏரிக்கரையும் மூன்று கோயில்களும்

கண்டிக்கு வருகிறவர்கள் முதலில் போவது தலதா மாளிகைக்கு. புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்டுள்ள அறை பூசை நேரங்களில் மட்டுமே திறக்கப்படும்: விடியற்காலை, காலை ஒன்பதரை மணியளவில், மாலை ஆறரை மணியளவில். மாலைப் பூசையில் கூட்டம் நெருக்கும். விடியற்காலைப் பூசையில் முரசொலியைக் கேட்டுக்கொண்டு நின்று பார்க்க இடம் கிடைக்கும். முழங்காலும் தோளும் மறையும் உடை கட்டாயம். செருப்பை வாசலில் விட வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுப்பதை இங்கே பெரும் அவமதிப்பாகக் கருதுகிறார்கள். இந்த விதி நாட்டின் எல்லா விகாரைகளுக்கும் பொருந்தும்.

ஏரியைச் சுற்றி நடக்கும்போது அதை வெட்டுவித்தவரை நினைத்துக்கொள்ளுங்கள். கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர், மதுரையிலிருந்து வந்து 1739 முதல் கண்டி அரியணையில் இருந்த நாயக்கர் மரபினர். மாளிகையின் முகப்பில் ஏரியைப் பார்த்து நிற்கும் எண்கோண மண்டபமும் அவர் காலத்ததே. 1815இல் பிரித்தானியர் அவரைப் பிடித்தார்கள். அதே ஆண்டு மார்ச் 2ஆம் நாள் கண்டி ஒப்பந்தம் கையெழுத்தானது. மன்னர் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் உள்ள அவருடைய கல்லறையைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏரிக்கரை வேறு விதமாகத் தெரியும்.

இரண்டாம் நாளை நகருக்கு வெளியே செலவிடுங்கள். பேராதனைத் தாவரவியல் பூங்கா கண்டியிலிருந்து ஆறு கிலோமீட்டர் தொலைவில், மகாவலி ஆறு வளைத்துக்கொண்டு ஓடும் நிலத்தில் இருக்கிறது. காலையில் இரண்டு மணி நேரம் அங்கே நடந்துவிட்டு, எம்பெக்கே, லங்காதிலக, கடலாதெனிய ஆகிய மூன்று கோயில்களுக்குப் போகலாம். மூன்றும் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை; ஒன்றுக்கொன்று நடந்துபோகும் தொலைவில், வயல்களுக்கும் வீட்டுத்தோட்டங்களுக்கும் இடையில் உள்ளன. என் பார்வையில், கண்டிப் பகுதியில் இந்த அரை நாளுக்கு ஈடானது வேறில்லை.

எம்பெக்கே தேவாலயம் கதிர்காமக் கடவுளுக்குரியது. நம்மவர்கள் முருகன் என்று கும்பிடும் அதே தெய்வம். அதன் முரசு மண்டபத்தின் மரத்தூண்களில் உள்ள செதுக்கல்களை அவசரமில்லாமல் பாருங்கள். ஒரு தூணில் மற்போர் வீரர்கள் பின்னிக் கிடக்கிறார்கள், இன்னொன்றில் இரண்டு அன்னங்கள் கழுத்தைப் பிணைத்திருக்கின்றன, வேறொன்றில் தாய் குழந்தைக்குப் பாலூட்டுகிறாள், மற்றொன்றில் இருதலைப் பறவை. அதற்குப் பின் தலையை உயர்த்திக் கூரையின் ஒரு முனையைப் பாருங்கள். அங்கே 26 வரிச்சட்டங்கள் விசிறிபோல ஒரே புள்ளியில் வந்து கூடுகின்றன. அவை அனைத்தையும் ‘மடோல் குருப்பாவ’ எனப்படும் ஒரே மர ஆப்பு பிடித்து நிறுத்தியிருக்கிறது. தச்சு வேலை தெரிந்தவர் எவரும் அந்த இடத்தை விட்டு எளிதில் நகரமாட்டார்.

லங்காதிலக விகாரை ஒரு கற்பாறையின் மேல் வெள்ளையாக எழுந்து நிற்கிறது. அதே பாறையில் சிங்களத்திலும் தமிழிலும் கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டுள்ளன. கடலாதெனிய விகாரையோ முழுவதும் கருங்கல். கணேசுவராசாரி என்னும் சிற்பியின் பொறுப்பில் 1344இல் எழுந்த அதன் தூண்களையும் அடித்தளத்தையும் பார்த்தால், விசயநகரக் காலத்துத் தமிழகக் கோயில் ஒன்றுக்குள் நுழைந்தது போலிருக்கும். கருவறையில் அமர்ந்திருப்பவர் மட்டும் புத்தர். எம்பெக்கேயில் தொடங்கிக் கடலாதெனியவில் முடித்தால், அங்கிருந்து கண்டிப் பெருஞ்சாலை பக்கம். திரும்புவதற்குப் பேருந்து எளிதாகக் கிடைக்கும்.

வடக்கு நோக்கிய ஒரு நாள்

கண்டியிலிருந்து சிகிரியாவுக்கு இடம் மாறும் நாளைப் பயண நாள் என்று வீணாக்கிவிடாதீர்கள். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால் நான்கு இடங்களைப் பார்க்கலாம்.

முதலாவது மாத்தளை முத்துமாரியம்மன் கோயில். அதன் இராசகோபுரம் 108 அடி உயரமானது. மாசிமகத்தில் ஐந்து தேர்கள் வீதிக்கு வருகின்றன. தோட்ட வேலைக்கென்று தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டவர்கள் 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே கால்நடையாக மாத்தளை வந்து சேர்ந்தார்கள். நோயிலும் பசியிலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். இன்று குளிரூட்டிய வண்டியில் நாம் வடக்கே போகும் இதே திசையிலிருந்துதான் அவர்கள் நடந்து வந்தார்கள். கோயில் வாசலில் சில நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள்.

நகரைத் தாண்டியதும் அளுவிகாரை. கி.மு. முதல் நூற்றாண்டில், அதுவரை வாய்வழியாகவே காக்கப்பட்டு வந்த பௌத்தப் பாலி நூல்கள் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டது இந்தக் குகைகளில் என்பது மரபு. பதப்படுத்திய ஓலையில் எழுத்தாணியால் கீறி, கறுப்பு மையைத் தடவித் துடைத்து எழுத்தை வெளிக்கொண்டுவரும் முறையை இங்கே செய்து காட்டுவதுண்டு. வெறும் கீறலாகக் கண்ணுக்குப் படாமல் இருந்த எழுத்து ஒரு துடைப்பில் கறுத்து எழுவதைப் பார்க்கும்போது, நம் சுவடிகளை எழுதியவர்களின் கையும் நினைவுக்கு வரும். சாலையோரங்களில் உள்ள வாசனைப்பொருள் தோட்டங்களில் நுழைவு இலவசம் என்று அழைப்பார்கள். சுற்றிக் காட்டியபின் மருந்தெண்ணெய்களை மிகுந்த விலைக்கு விற்பது அங்கே வழக்கம். மிளகையும் கறுவாவையும் மாத்தளைச் சந்தையிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

மேலும் வடக்கே, சாலையிலிருந்து சற்று உள்ளே, நீர்த்தேக்கத்தின் கரையில் தனியாக நிற்கிறது நாளந்தா கெடிகே. பல்லவர் காலக் கட்டடக் கலையை நினைவூட்டும் சிறு கற்றளி. உள்ளே வழிபாடு பௌத்தத்தினுடையது. மகாவலித் திட்டத்தின் நீர்த்தேக்கத்தில் மூழ்கவிருந்த இதனைக் கல் கல்லாகப் பிரித்து, உயர்ந்த இடத்தில் மீண்டும் அடுக்கினார்கள். பெரும்பாலான வண்டிகள் நிற்காமல் போய்விடுவதால், இங்கே நீங்கள் மட்டுமே இருக்கக்கூடும்.

பிற்பகல் தம்புள்ளைக்கு. ஐந்து குகைகள், 150க்கும் மேற்பட்ட புத்தர் சிலைகள், மேற்கூரை முழுவதும் ஓவியம். பாறையின் மடிப்புகளை அப்படியே விட்டு, துணியில் வரைந்தது போல ஓவியர்கள் நிறைத்திருக்கிறார்கள். இன்று தெரியும் ஓவியங்களில் பெரும்பகுதி 18ஆம் நூற்றாண்டில் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கர் காலத்தில் புதுப்பிக்கப்பட்டவை. அவரும் நாயக்கர் மரபினரே. நுழைவுச்சீட்டை ஏறுமுன் கீழேயே வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் மேலே வாசல் வரை போய்த் திரும்பி இறங்க நேரும். வெயில் ஏறிய பாறையில் வெறுங்காலால் நடக்க முடியாது, ஆகவே மாலை நான்கு மணிக்கு மேல் போவதே வசதி. ஒரு சோடிக் காலுறையும் வைத்துக்கொள்ளுங்கள். குரங்குகளின் எதிரில் உணவுப் பையைத் திறக்க வேண்டாம்.

சிகிரியா

வாசல் திறக்கும் நேரத்தில் அங்கே இருங்கள். எட்டு மணிக்குப் பின் வருபவர் வெயிலிலும் கூட்டத்திலும் இரும்புப் படிகளில் காத்து நிற்க வேண்டியிருக்கும். சுற்றுப்புறத்திலிருந்து ஏறத்தாழ 180 மீட்டர் உயர்ந்து நிற்கும் இந்தப் பாறைக்கு 1,200 படிகள். 5ஆம் நூற்றாண்டில் மன்னன் காசியப்பன் இதன் உச்சியில் அரண்மனை கட்டினான். ஏறுவதில் மட்டும் கருத்தாக இருப்போர் அடிவாரத்து நீர்த்தோட்டங்களைக் கடந்து ஓடிவிடுகிறார்கள். அந்தத் தொட்டிகளையும் கால்வாய்களையும் மேலேயிருந்து ஒருமுறை பார்த்துவிட்டு, இறங்கியபின் மீண்டும் அருகில் போய்ப் பாருங்கள். மழைக்காலத்தில் சில நீரூற்றுகள் இன்றும் இயங்குகின்றன.

ஏறும் வழியில் பாறையில் தீட்டியுள்ள பெண்களின் ஓவியங்களைப் படமெடுக்க அனுமதியில்லை. அவற்றின் கீழே நீளும், கண்ணாடிபோல் மெருகேற்றிய ‘கண்ணாடிச் சுவரில்’, பழங்காலப் பயணிகள் அந்த ஓவியப் பெண்களைப் பார்த்து எழுதிய கவிதைக் கீறல்கள் உள்ளன. தொல்லியலறிஞர் பரணவிதான அவற்றுள் 685ஐப் படித்து 1956இல் வெளியிட்டார். சுவரைத் தொடக்கூடாது. பாறையில் பெருங்குளவிக் கூடுகள் இருப்பதால் உரத்த குரலைத் தவிர்க்கும்படி அறிவிப்புப் பலகைகள் சொல்வதை மதித்து நடங்கள். இதய நோயுள்ளவர்களும் உயரத்தில் தலைசுற்றுகிறவர்களும் உச்சிக்குச் சற்றுக் கீழே பெரிய சிங்கப் பாதங்கள் இருக்கும் ‘சிங்கக் காலடி’ வரை போய்த் திரும்பலாம். மிகச் சிறந்தவற்றை அதற்குள்ளேயே பார்த்திருப்பார்கள். பக்கத்திலுள்ள பிதுரங்கல பாறையில் மாலையில் ஏறினால் சிகிரியா முழுதாகத் தெரியும். அங்கே கடைசிப் பகுதியில் பாறைகளைப் பிடித்துத் தவழ்ந்து ஏற வேண்டியிருப்பதால், இருட்டுமுன் இறங்கிவிடுவது கட்டாயம்.

சிகிரியாவிலும் பொலன்னறுவையிலும் வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் டாலரில் கணக்கிடப்படுகிறது, அதுவும் கணிசமானது. இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்குச் சலுகை உண்டு. அதைக் கேட்டுப் பெறக் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

பொலன்னறுவை: ஒரு முழு நாள்

இடிபாடுகள் பல கிலோமீட்டர் நீளத்துக்குப் பரந்து கிடக்கின்றன. தரையும் பெரும்பாலும் சமதளம். மிதிவண்டிதான் இங்கே சரியான வாகனம், வாசலருகே வாடகைக்குக் கிடைக்கும். முதலில் அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் செலவிட்டு, கட்டடங்கள் முழுமையாக இருந்தபோது எப்படித் தோன்றின என்பதைக் காட்டும் மாதிரிகளைப் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிற்பகலுக்குள் எல்லாமே செங்கல் குவியலாகத் தோன்றத் தொடங்கும்.

சோழர்கள் 11ஆம் நூற்றாண்டில் இந்த ஊரைத் தலைநகராக்கி, சனநாதமங்கலம் என்று பெயரிட்டார்கள். 1070இல் முதலாம் விசயபாகு அவர்களை வெளியேற்றினார். 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு ஊரை விரிவாக்கினார். மேற்கே கடல்போல் கிடக்கும் பராக்கிரம சமுத்திரம் அவர் பெயரைத் தாங்கியது. சோழர் காலத்திலிருந்து ஏறக்குறைய முழுமையாக நிற்பது இரண்டாம் எண் சிவ தேவாலயம், அதாவது வானவன் மாதேவி ஈசுவரம். இராசராசனின் அரசியும் இராசேந்திரனின் தாயுமானவர் பெயரால் அமைந்த இந்தச் சிறு கற்கோயில்தான் பொலன்னறுவையில் எஞ்சியுள்ள கட்டடங்களில் மிகப் பழையது. சுற்றிலும் இடிந்து கிடக்கும் செங்கற்களுக்கு நடுவில், அடித்தளம் முதல் சிகரம் வரை கல் கலையாமல் நிற்கிறது. சுவரில் தமிழ்க் கல்வெட்டு வரிகள் ஓடுகின்றன. காலைச் சாய்வெயிலில் போனால் எழுத்துகள் நிழலோடு எழுந்து தெரியும். உச்சி வெயிலில் கல் தட்டையாகிவிடும். ‘ஸ்வஸ்திஸ்ரீ’யைத் தேடி, பழகிய எழுத்துகளான ம, ன, த, ட ஆகியவற்றை ஒன்றொன்றாகப் பிடித்துக்கொண்டு போனால், கல்வெட்டுப் பயிற்சி இல்லாதவரும் சில சொற்களைக் கூட்டிவிடலாம். சுண்ணம் தடவவோ தாள் வைத்துத் தேய்க்கவோ வேண்டாம்.

அடுத்து நாற்சதுர மேடைக்குப் போங்கள். வட்ட வடிவக் கோயிலான வட்டதாகேயின் வாசற்படிகளையும், மிகுந்தலையிலிருந்து கொண்டுவரப்பட்டதாகத் தானே சொல்லும் எட்டு மீட்டர் நீளக் கல்வெட்டுப் பலகையான கல்பொத்தவையும் எல்லோரும் காட்டுவார்கள். அங்கேயே நிற்கும் வேளைக்காரர் கல்வெட்டை வழிகாட்டிகள் பலர் கடந்துவிடுகிறார்கள். வேளைக்காரர் எனப்பட்ட தமிழ்ப் படையினர் புனிதப் பல் வைக்கப்பட்டிருந்த மாளிகையைக் காப்பதாகத் தமிழில் எழுதிக் கொடுத்த உறுதிமொழி அது. சைவச் சோழர், பௌத்த மன்னர் என்று நாம் பிரித்துப் படித்த வரலாறு இங்கே எவ்வளவு பின்னிக்கிடந்தது என்பதற்கு அந்த ஒரு பலகைக் கல் போதும்.

கல் விகாரையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பாறையில் வெட்டிய உருவங்களில், கிடந்த கோலத்துப் புத்தர் 14 மீட்டர் நீளம், நிற்கும் உருவம் ஏறத்தாழ 7 மீட்டர். கிடந்தவரின் தலை அழுந்தியதால் தலையணை சற்றே குழிந்திருப்பதைக் கவனியுங்கள். கருங்கல்லுக்கு அந்த மென்மையை யாரோ கொடுத்திருக்கிறார்கள்.

குளங்கள், யானைகள், மனிதர்கள்

மீதமுள்ள நாளை நாட்டுப்புறத்துக்குக் கொடுங்கள். மின்னேரியாக் குளத்தை 3ஆம் நூற்றாண்டில் மன்னன் மகாசேனன் கட்டினான். வறட்சியில் நீர் வற்றி, குளத்தின் படுகையில் புல் துளிர்க்கும் ஜூலை முதல் செப்டம்பர் வரையான மாதங்களில், சுற்றுக்காடுகளிலிருந்து யானைகள் கூட்டம் கூட்டமாக இறங்கி வருகின்றன. நீர் உயர்ந்து நிற்கும் ஆண்டுகளில் அவை பக்கத்திலுள்ள கவுடுல்லக் குளத்துக்கோ ஹபரணைக் காட்டுக்கோ போய்விடும். எங்கே நிற்கின்றன என்று அன்று காலையில் விசாரித்துவிட்டு ஜீப்பை அமர்த்துங்கள். குட்டியுள்ள கூட்டத்தை நெருங்க வேண்டாமென்று ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பயணிகள் அமைதியாக இருந்தால் ஓட்டுநர்கள் வண்டியை நெருக்குவதில்லை.

கண்டியிலும் மாத்தளையிலும் தமிழிலேயே சமாளித்துவிடலாம். வடக்கே சிற்றூர்களில் சிங்களம் வேண்டும். சந்தித்ததும் ‘ஆயுபோவன்’, நன்றிக்கு ‘ஸ்தூதி’, விலை கேட்க ‘கீயத’ என்ற மூன்று சொற்கள் போதும், முகங்கள் மலர்ந்துவிடும். அக்காவை அவர்களும் அக்கா என்றே அழைக்கிறார்கள். ஆனால் ‘அய்யா’ என்றால் அங்கே அண்ணன், ‘மல்லி’ என்றால் தம்பி. கடைக்காரர் உங்களை மல்லி என்று அழைத்தால் அது அன்பான அழைப்பு.

திரும்பும் நாளில் பொலன்னறுவையிலிருந்தே கொழும்புக்குப் புகையிரதம் உண்டு. சாலை வழியாகப் போவதானால் ஹபரணையை இருட்டுமுன் கடந்துவிடுங்கள். அந்தி சாய்ந்ததும் அந்தக் காட்டுச்சாலையில் யானைகள் இறங்குகின்றன. உள்ளூர்க்காரர்களே அந்த நேரத்தில் மோட்டார்சைக்கிளை எடுப்பதில்லை.